தள்ளுபடி வேணுமா தம்பி? மொதல்ல கிழவனாகு!

பொண்டாட்டிக்கு பிஆர், அதான் நிரந்தரவாசம், போடணும், ஃபீஸ்ல தள்ளுபடி கிடைக்குமான்னு கேக்குற. நம்ம கேமரன் மலை தானா ராத்தாவுல ஸ்ட்ராபெரிக்கே விலை குறைக்க மாட்டான். நீ பிஆர்காரங்களோட சிவப்பு ஐசிக்குக் குறைக்கச் சொல்ற. தைரியசாலிதான்.

மலேசியக்காரனைக் கட்டிக்கிட்டு வந்தவ அஞ்சு வருஷம் விடாம இங்க தங்கியிருக்கணும், அப்பறம்தான் பிஆர் பாரத்துப் பக்கமே போகலாம். அதுவரைக்கும் விசா புதுப்பிக்கிற செலவு தனி. கவுண்டர்ல கட்டுற காசை மட்டும் எண்ணிக்கிட்டு இருக்காதே. இப்ப குறைஞ்சபட்சச் சம்பளம் மாசம் 1,700 வெள்ளி. 26 நாளுக்குப் பிரிச்சா ஒரு நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். விடியக்காலம் தாப்பா ரோட்டுல வளைஞ்சு வளைஞ்சு இறங்கி, அவ வாந்தி எடுத்த பையோட ஆபீஸ் வாசல்ல போய் நின்னா, "கல்யாண சர்டிபிகேட் காப்பி ஒண்ணு குறையுது, அடுத்த தடவை கொண்டு வாங்க"ம்பாங்க. சம்பளம் போச்சு, பஸ் காசு போச்சு, வழியில தின்ன நாசி லெமாக்கும் போச்சு. இதுக்கெல்லாம் தள்ளுபடி பாரம் எவனும் அச்சடிக்கல.

அலைய முடியாதுன்னா கோப்பிக் கடையில ஒரு ஆளு உக்காந்திருப்பான். "மேலிடத்துல நமக்கு ஆளிருக்கு"ம்பான். தாராளமா கொடு. ரசீது மட்டும் கேட்டுறாதே, பாவம், அவன் மனசு நோகும்.

தள்ளுபடியே வந்ததில்லைன்னு சொல்ல மாட்டேன். 1957-ல மெர்டேக்கா வந்தப்ப, இந்த மண்ணுலயே பொறந்தவங்க ஒரு வருஷத்துக்குள்ள குடியுரிமைக்கு மனுப் போட்டா மலாய்ப் பரீட்சை கிடையாதுன்னாங்க. லயத்துல குடியிருந்து கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்த சனத்துக்கு யாரு வந்து சொன்னா? கிராணிமாருக்குத் தெரிஞ்சிருக்கும். தன் வீட்டுக்கு எழுதிப் போட்டுட்டு, பெரட்டுல வழக்கம்போல பேரு மட்டும் கூப்பிட்டிருப்பாங்க. 1969-க்கு அப்பறம் குடியுரிமை இல்லாதவன் வேலை செய்யணும்னா பெர்மிட்டு வேணும்னு வந்துச்சு. ஆயிரமாயிரமா தோட்டத்துச் சனம் கப்பலேறிப் போச்சு. தப்பி நின்னதுல பல பேரு சிவப்பு ஐசியோடயே கிழடு தட்டிட்டாங்க.

அவங்களுக்கும் விடிஞ்சுது, 2018-ல. 60 வயசு தாண்டின, சிவப்பு ஐசி வச்சிருக்கிற இந்தியருங்க 3,407 பேருக்குக் குடியுரிமை குடுக்கப்போறோம்னு அப்பப் பிரதமரா இருந்த மகாதீர் அறிவிச்சார். பாரு, சலுகை வராம இல்ல. முட்டி தேஞ்ச பிற்பாடு வருது. உன் வீட்டுக்காரிக்கு என்ன வயசு, இருபத்தேழா? பொறுத்தார் பூமி ஆள்வார். பூமி இல்லாட்டியும் குடிமக்களோட நீல ஐசி ஒண்ணு கிடைக்கும்.

அமெரிக்காவுல ஏழைக்கு ஃபீஸே கிடையாதாம்னு யாரோ உன்கிட்ட சொன்னாங்களாக்கும். பாதி உண்மை. அங்க பச்சை அட்டைக்கு 2024 ஏப்ரல்லருந்து 1,440 டாலர். கையில இல்லேன்னா விலக்கு கேக்க ஒரு பாரமும் உண்டு. ஆனா புருஷன் பொண்டாட்டின்னு குடும்ப வழியில வர்றவன் அரசாங்கத்துக்குப் பாரமா இருக்க மாட்டேன்னு நிரூபிச்சாத்தான் அட்டை. அதனால அவனுக்கு அந்த விலக்கு கிடையாது. அகதிக்கும் அந்த மாதிரி நொந்து வந்தவனுக்கும்தான். இல்லாதவன்னு சொன்னா அட்டை இல்ல, இருக்கிறவன்னு சொன்னா தள்ளுபடி இல்ல. வெள்ளைக்காரன் மூளையே மூளை! நம்ம ஆபீஸ் அந்த அளவுக்கு இன்னும் படிக்கல.

கேலி போதும். மாரியம்மன் கோயில்ல தாலி கட்டினியே, பதிவு பண்ணினியா? தலையச் சொறியாதே. 1982 மார்ச்சுலருந்து பதிவு இல்லாத கல்யாணத்தைச் சட்டம் கண்ணெடுத்துப் பாக்காது. நீ நீல ஐசிக்காரனா இருந்தாலும், பதியாம பொறக்கிற புள்ள தாய் வழிக்குத்தான் போகும். அவ வெளிநாட்டுக்காரி, அப்ப புள்ள எந்த நாட்டுக்காரன்? இந்த மலையிலயே பொறந்து, இங்கயே படிச்சு, பன்னெண்டு வயசுல ஐசி எடுக்கப் போகும்போதுதான் தெரியும். அப்பறம் அதுக்கு ஒரு மனு, ஒரு அலைச்சல், கோப்பிக் கடை ஆளுக்கு ஒரு கவரு.

அவ முழுகாம இருக்கான்னு உங்கம்மா சொன்னா. பிஆர் பாரம் அஞ்சு வருஷம் காத்திருக்கும், வயித்துல இருக்கிறது காத்திருக்காது. திங்கக்கிழமை லீவு போட்டுட்டுப் போயி கல்யாணத்தைப் பதியற வேலையைத் தொடங்கு. புள்ள பொறந்ததும் அறுபது நாளுக்குள்ள பொறப்பைப் பதிஞ்சிடு. அதுக்கு ஃபீஸே கிடையாது.