ரெண்டே நிமிஷம், மேடம்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் வீட்டில் பால் தீராத நாள் கிடையாது. தீராவிட்டால் அன்றைக்கு இ.பி. பில் கட்டக் கடைசி நாளாக இருக்கும். அதுவும் இல்லையென்றால் மாமியார் ஊரிலிருந்து வந்து திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பைகளோடு நின்றுகொண்டிருப்பார். இதையெல்லாம் முடித்துக்கொடுக்கத்தான் நாம் பணம் கட்டி, எல்.எல்.ஆர். எடுத்து, காலை ஆறரைக்குச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு கிளட்சை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

“லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டு அப்படியே ஓரம் கட்டுங்க மேடம். ரெண்டே நிமிஷம்.”

இறங்கிவிடுவார். நாம் என்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங்கைப் பத்து-பத்து மணி நிலையில் பிடித்தபடி, எதிரே இருக்கும் மருந்துக்கடையின் போர்டை மனப்பாடம் செய்வோம். வருகிறவன் போகிறவனெல்லாம் கூரையில் இருக்கும் பெயர்ப்பலகையையும் சிவப்பு எழுத்து ‘எல்’லையும் பார்த்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பான்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் டிரைவிங் ஸ்கூலுக்கென்று பாடத்திட்டமே இருக்கிறது. சொந்த உபயோகத்துக்குக் கார் ஓட்டக் கற்பவருக்குக் குறைந்தது 21 நாள் பயிற்சி தரவேண்டும். அதில் குறைந்தது 10 மணி நேரமாவது அவர் நிஜமாகவே வண்டியை ஓட்டியிருக்கவேண்டும். மாஸ்டரின் கணக்கு இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். தினம் அரைமணி வீதம் 21 நாளுக்குப் பத்தரை மணி நேரம். சர்க்கார் கேட்டதைவிட அரைமணி தாராளமாகவே தருகிறார். மருந்துக்கடை போர்டைப் படித்த நேரமும் அதில் சேர்த்தி என்பது எந்த ரெஜிஸ்டரிலும் ஏறாது. கையெழுத்து மட்டும் ஒரு நாள் தவறாமல் வாங்கிக்கொள்வார்.

வண்டி, மாருதி 800. கம்பெனி அதைத் தயாரிப்பதையே 2014-இல் நிறுத்திவிட்டது. மாஸ்டருக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. தில்லைநகரில் ஏறினால் சாஸ்திரி ரோட்டில் ஃபர்ஸ்ட், செகண்ட். தேர்ட் போடலாம் என்று கை நீளும்போது தென்னூர் உழவர் சந்தை வந்துவிடும். கீரை. மாஸ்டர் கீரை வாங்கும் அழகைப் பார்க்கவேண்டும். ஒவ்வொரு கட்டையும் பிரித்து, உதறி, மோந்து பார்த்து, வேண்டாமென்று வைத்துவிட்டு, பத்துக் கடை தள்ளிப் போய்விட்டு, முதல் கடைக்கே திரும்பி வருவார். பின்சீட்டில் தங்கள் முறைக்காக ஒரு காலேஜ் பையனும் ரிட்டயர்டு வங்கி அதிகாரி ஒருவரும் பொறுமையாக உட்கார்ந்திருப்பார்கள். முருங்கைக்காய் நீளமாக இருந்தால் அவர்கள் மடியில் குறுக்காக வைக்கப்படும்.

சும்மா சொல்லக்கூடாது, எல்லாவற்றுக்கும் ஒரு பாட விளக்கம் கைவசம் வைத்திருப்பார். உழவர் சந்தைக்குப் போனது, “கூட்டத்துல ஓட்டிப் பழகணும்ல மேடம்.” காந்தி மார்க்கெட்டுக்குப் போனது, “லாரி பயம் போகணும்.” மகளை டியூஷனில் இறக்கிவிட்டது, “இது ஸ்கூல் ஏரியா, ஸ்பீடு கண்ட்ரோல் வரணும்.” இ.பி. பில்லை ஃபோனிலேயே கட்டலாமே என்றால், “ரசீது கையில இருந்தாத்தான் நம்பிக்கை” என்பார். அதற்கு மட்டும் பாடம் எதுவும் கிடையாது.

ஒருநாள் தென்னூர் மேம்பாலத்துக்கு விடச் சொன்னார். ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் ஹாஃப் கிளட்சில் எடுக்கவேண்டும். இதுதான் பாடம், வீட்டு வேலை இல்லாத சுத்தமான பாடம் என்று மனம் குளிர்ந்து போனேன். பாலம் இறங்கியதும் அந்தப் பக்கம் அவருடைய டெய்லர் கடை.

உச்சம், அவர் சகலை வீட்டுக் கிரகப்பிரவேசம். அன்று பின்சீட்டுக்காரர்களுக்கு வகுப்பு ரத்து. அந்த இடத்தில் இரண்டு அண்டாவும் ஒரு ஜல்லிக்கரண்டியும். ஒவ்வொரு பிரேக்குக்கும் அண்டாக்கள் ஒன்றோடொன்று மோதிக் கோயில் மணியாக ஒலிக்க, “லோடு வெச்சு ஓட்டினாத்தான் மேடம் கிளட்ச் ஃபீல் தெரியும்” என்றார் மாஸ்டர். பாத்திரத்தை இறக்கிவைத்த வீட்டில் எனக்கும் ஒரு காபி கிடைத்தது. “நம்ம ஸ்டூடெண்ட்” என்று அறிமுகப்படுத்தினார். பெருமையாகத்தான் சொன்னார்.

நம் கால் சும்மா இருக்கும்போதே அவர் பக்கத்துக் கிளட்சும் பிரேக்கும் மிதிபடுகிற சங்கதி உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. செல்ஃபோனையும் விட்டுவிடுகிறேன்.

ஆனால் மனுஷன் தங்கமானவர். கார் கற்றுத்தருகிறேன் என்று கணவர் ஒருமுறை இடப்பக்கம் உட்கார்ந்தார். தெருமுனை திரும்புவதற்குள் எங்கள் கல்யாணமே வேண்டாமென்று ஆகிவிட்டது. மாஸ்டர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. புத்தூர் நால்ரோட்டில் வண்டி ஆஃப் ஆகி, மறுபடி ஸ்டார்ட் செய்து, மறுபடி ஆஃப் ஆகி, பின்னாலிருந்த டவுன் பஸ் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் அலறியபோது, ஜன்னல் வழியே தலையை நீட்டி, “இருப்பா, நீயும் இப்படித்தானே பழகினே?” என்று கேட்டார். பஸ் அமைதியானது. பிறகு என்னிடம், “மெதுவா எடுங்க மேடம், ரோடு எங்கயும் போயிடாது” என்றார். கீரை வாங்கும் நாட்களில் நமக்கும் ஒரு கட்டு சேர்த்து வாங்கியிருப்பார். காசு நீட்டினால் கோபித்துக்கொள்வார்.

இவ்வளவு நல்ல மனிதர் ரிவர்ஸ் மட்டும் சொல்லித்தரவில்லை.

பால் கடைக்கும் டெய்லர் கடைக்கும் நேராகத்தான் போகவேண்டும். வீட்டு வேலை எதற்கும் பின்பக்கமாகப் போகத் தேவையில்லை, ஆகவே அது பாடத்தில் இல்லை. எப்போதாவது தேவைப்பட்ட இடத்திலும், “டைம் ஆச்சு மேடம், இறங்குங்க” என்று அவரே வலப்பக்கம் வந்து உட்கார்ந்து, ஒரு கையால் ஸ்டீயரிங்கைச் சுழற்றி எடுத்துவிடுவார். விடாமல் கேட்டால், “டெஸ்ட்ல அதெல்லாம் கேக்கவே மாட்டாங்க.”

அதே 1989 விதிகளில் டெஸ்ட்டில் என்னென்ன செய்துகாட்டவேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பின்பக்கம் காட்டும் கண்ணாடியைச் சரிசெய்துகொள்வதில்தான் அது தொடங்குகிறது. பின்னோக்கி ஓட்டி, குறுகலான ஓர் இடைவெளிக்குள் இடப்புறமோ வலப்புறமோ வண்டியை நுழைக்கவேண்டும் என்பதும் அதில் உண்டு. எங்கள் வண்டியில் நடுக்கண்ணாடி எந்நேரமும் மாஸ்டர் பக்கமே திரும்பியிருக்கும். அதில்தான் தலை சீவிக்கொள்வார்.

அவர் சொன்னதுதான் பலித்தது. ஊரில் இன்னமும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே அழைக்கப்படும் மோட்டார் வாகன ஆய்வாளர், நேராகப் போகச் சொன்னார், திருப்பச் சொன்னார், நிறுத்தச் சொன்னார். ரிவர்ஸ் பற்றிப் பேச்சே இல்லை. பாஸ். லைசென்ஸ் தபாலில் வந்தது. மாஸ்டருக்கு ஒரு கிலோ லட்டு போனது.

இப்போது எங்கள் அடுக்குமாடியில் காலையில் கார்களைப் பின்னால் எடுத்துத் தெருவுக்குத் திருப்பி நிறுத்தித் தருவது வாட்ச்மேன். டிரைவிங் ஸ்கூல் பக்கமே போகாதவர் அவர். முறையாகப் படித்துப் பாஸ் செய்த நாங்கள் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கிறோம். எனக்கு எரிச்சல் இதில்தான். கீரையும் பாலும் போகட்டும். வண்டிக்குப் பின்னால் ஒரு குழந்தை நிற்கிறதா என்று எந்தக் கண்ணாடியில், எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தராமல் ஒருவரை ரோட்டுக்கு அனுப்புகிறார்கள், பணமும் வாங்கிக்கொள்கிறார்கள். 21 நாள் என்று விதி எழுதியவர்கள் வேலையில்லாமல் எழுதவில்லை.

எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் ஆன பிறகுதான் டெஸ்ட்டுக்குப் போகமுடியும்; எடுத்த எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். ஆகவே அவசரம் எதுவும் இல்லை. சேரப்போகிறவர்கள் பணம் கட்டுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ரிவர்ஸுக்கும் பார்க்கிங்குக்கும் எத்தனை நாள்? “அதெல்லாம் கடைசியில பாத்துக்கலாம்” என்று பதில் வந்தால் வேறு ஸ்கூல் பாருங்கள். அங்கும் இதே பதில்தான் என்றால் மாஸ்டரின் மனைவியைப் பிடியுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது மளிகையை முட்டுச்சந்துக் கடையில் வாங்கச் சொல்லுங்கள்.