வரியை விட்டால் பெஞ்சு வரும்

வரிச்சலுகை என்றால் முகம் சுளிப்பவர்களுக்குக் கணக்கு தெரியாது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா ஆலை தொடங்கியபோது, கட்டிய விற்பனை வரியையே திருப்பித் தரும் பெருந்தன்மை நம் அரசுக்கு இருந்தது. 2014-ல் ஆலையை மூடினார்கள், பெருந்தன்மையை மூடவில்லை. 2019-ல் மத்திய அரசும் நிறுவன வரியை 30 சதவீதத்திலிருந்து 22-க்கு இறக்கியது. அப்போது புது ஆலை என்றால் 15.

பள்ளிக்கூடத்துக்குப் பணம்? அதற்குத்தான் 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற நன்கொடைத் திட்டம் வந்துவிட்டதே! வரியாக வாங்கினால் கம்பெனிக்குக் கோபம் வரும். நன்கொடையாகக் கேட்டால் போட்டோவுக்கு வரும். வரி கட்டியவர் பெயரை எந்தச் சுவரில் எழுதினார்கள்? பெஞ்சு கொடுத்தவர் பெயரோ பெஞ்சின் முதுகிலேயே இருக்கிறது. பிள்ளைகள் சாய்ந்து சாய்ந்து மனப்பாடம் செய்யலாம்.

இந்த அரிய முறை மீனவர் ஊரான கோட்டைப்பட்டினத்துக்கும் வர வேண்டும். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிற மீனவர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பள்ளிக்கு ஒரு சாக்பீஸ் டப்பா வழங்கட்டும். தலைமையாசிரியர் சால்வை போர்த்தட்டும். டீக்கடைக்காரரோடும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போடலாம்.

ஒரே ஒரு நிபந்தனைதான் இடிக்கிறது. ‘சலுகை தராவிட்டால் எல்லை தாண்டிப் போய்விடுவேன்’ என்று மிரட்டத் தெரிய வேண்டும். கம்பெனி தாண்டினால் ஆந்திரம் கம்பளம் விரிக்கும். கோட்டைப்பட்டினத்து விசைப்படகு தாண்டினால் வரவேற்க இலங்கைக் கடற்படை வரும். படகையும் அவர்களே வைத்துக்கொள்வார்கள்.