நாய் காத்த கரை

கேள்வி: டாஸ்மேனியாவின் டாஸ்மன் தீபகற்பத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: நுழைவாயிலே ஒரு காட்சிதான். தீபகற்பத்தை இணைக்கும் ஈகிள்ஹாக் நெக் என்ற அந்த நிலத்துண்டின் அகலம் 100 மீட்டர்கூட இராது. தீபகற்பத்துக்குள் இருந்த போர்ட் ஆர்தர் சிறையிலிருந்து கைதிகள் தப்பாமலிருக்க, 1830களில் அதன் குறுக்கே நாய்களைச் சங்கிலியில் கட்டிப்போட்டார்கள். பில்லி ஹன்ட் என்ற கைதி கங்காரு தோலைப் போர்த்திக்கொண்டு தாவினாராம். நாய்கள் ஏமாந்தனவோ என்னவோ, பசித்த சிப்பாய்கள் இறைச்சி ஆசையில் துப்பாக்கியைத் தூக்க, வேஷம் கலைந்தது.

அருகிலேயே கொத்தனார் இல்லாமல் கல் பாவிய கடற்கரை. பாறையில் நேர்நேராக விழுந்த வெடிப்புகள் அதைச் சதுரங்களாகப் பிரித்திருக்கின்றன. நீர் வற்றும்போது படியும் உப்புப் படிகங்கள் சில கற்களின் நடுவை அரிப்பதால், அவை விளிம்பு உயர்ந்த தட்டுகளாகிவிட்டன. கடலையொட்டிய கற்களில் ஓரங்கள் தேய்ந்து, நடு ரொட்டிபோல் உப்பி நிற்கிறது. கடல் உள்வாங்கியிருக்கும் நேரத்தில் போனால்தான் இதெல்லாம் தெரியும்.

டாஸ்மன் வளைவு, பிசாசின் சமையலறை என்ற பாறை அமைப்புகள் இரண்டும் கடல் குடைந்தவை. சமையலறையில் அலை கொதிக்கும், சாப்பாடு கிடைக்காது.

காட்சிகளின் சிகரம் தெற்கே. கேப் பில்லரின் டாலரைட் பாறைகள் கடலிலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் செங்குத்தாக எழுகின்றன. கேப் ஹாய் முனையில் 65 மீட்டர் உயரத் தனித்தூண் ஒன்று அலைக்கு நடுவே நிற்கிறது. இவற்றுக்குச் செல்லும் மூன்று முனைப் பாதை 48 கிலோமீட்டர், 4 நாள் நடை. முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்குப் போர்ட் ஆர்தரிலிருந்து படகு உண்டு.