பெரிய கம்பெனியில் இன்டர்ன் ஆவது எப்படி?

தேறியவர்களிடம் போய் யோசனை கேட்காதீர்கள். 'கான்ஃபிடன்ட்டா இருந்தா போதும்டா' என்பார்கள். எந்தப் படியில் எண்ணெய் கொட்டியிருக்கிறது என்று விழுந்தவனுக்குத்தான் தெரியும். நான் மூன்று இன்டர்ன்ஷிப் இன்டர்வியூக்களில் விழுந்தவன்.

முதலில் ரெஸ்யூமே. மெஸ் மெனுவைக் காட்ட ஓர் ஆப் செய்தீர்கள். உங்களுக்கு அடுத்தபடியாக அதை இறக்கிக்கொண்டவன் உங்கள் ரூம்மேட் மட்டும்தான் என்று வைத்துக்கொள்வோம். 'பயனர் எண்ணிக்கையை ஒரே வாரத்தில் 100 சதவீதம் உயர்த்தினேன்' என்று எழுதலாம். ஒன்று இரண்டானால் 100 சதவீதம்தானே! அரியர் இருந்தால் ரெஸ்யூமே அதற்கு மேல் நகராது, இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது லீட்கோட், கோடிங் இன்டர்வியூவுக்குப் பழகிக்கொள்ளும் இணையதளம். 3,000-க்கும் மேற்பட்ட கணக்குகள். அதில் முதல் கணக்கு, எண் வரிசையில் எந்த இரண்டைக் கூட்டினால் கேட்ட தொகை வரும் என்பது. ஊருக்கே மனப்பாடம். அதனால்தான் இன்டர்வியூவில் முதல்முறை பார்ப்பதுபோல நடிப்பு தேவைப்படுகிறது.

இரண்டாவது இன்டர்வியூவில் கேள்வி முடியுமுன்பே நான் டைப் அடிக்கத் தொடங்கிவிட்டேன். "ஏற்கெனவே பார்த்த கணக்கா?" என்றார் இன்டர்வியூ எடுத்தவர். அரிச்சந்திரன் பரம்பரை, ஆமாம் என்றேன். உடனே வேறொன்று கொடுத்தார். அது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

நீங்கள் நெற்றியைச் சுருக்குங்கள். 'மைனஸ் எண் வருமா? ஒரே எண் இரண்டு முறை வருமா?' என்று கேளுங்கள். பிறகு வேண்டுமென்றே மட்டமான வழியைச் சொல்லுங்கள்: ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்ப்பது. 10,000 எண்களுக்குச் சுமார் 5 கோடிக் கூட்டல். 'இதைவிட வேகமா முடியுமா?' என்பார். கூரையைப் பாருங்கள். பேனாவைக் கடியுங்கள். 'ஒரு ஹேஷ் மேப் வெச்சா...' என்று இழுங்கள். ஒரே சுற்றில் முடிந்துவிடும். அவர் முகம் மலரும். சில வருடங்களுக்கு முன் அவரும் இதே கூரையைப் பார்த்தவர்தான்.

நடுவில் வாயை மூடக் கூடாது. யோசிப்பதை உரக்கச் சொல்ல வேண்டுமாம். வகுப்பில் பேசியதற்காக வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு இது பொற்காலம். அவர் 'ஆர் யூ ஷ்யூர்?' என்றால் உங்கள் விடை தப்பு. 'இன்ட்ரஸ்டிங்' என்றாலும் தப்புதான்.

என் மாமா இன்னமும் சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்ற பழைய இன்டர்வியூ புதிருக்கு என்னைத் தயார்செய்கிறார். விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து கொள்ளும் என்பது போன்ற கேள்விகளால் ஒரு பயனும் இல்லை, கேட்பவர் தன்னைப் புத்திசாலியாக நினைத்துக்கொள்ளத்தான் அவை உதவும் என்று கூகுளின் மனிதவளத் தலைவராயிருந்த லாஸ்லோ பாக் 2013-லேயே சொல்லிவிட்டார். மாமாவுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

அமேசானுக்குப் போகிறவர்கள் அவர்களுடைய 16 தலைமைப் பண்புகளையும் படித்துக்கொண்டு போக வேண்டும். பண்புக்கொரு சம்பவமும் கைவசம் வேண்டும். இருபது வயதில் அத்தனை சம்பவத்துக்கு எங்கே போவது? சிம்போசியத்தில் 40 சாப்பாட்டுப் பொட்டலம் குறைந்துபோன கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. பொறுப்புணர்வு, சிக்கனம், வாடிக்கையாளர்மேல் வெறி என்று மூன்றுக்கும் அதையே ஓட்டலாம். பொட்டலத்தைத் தின்றவர்களில் நானும் ஒருவன் என்பதை மட்டும் விட்டுவிட வேண்டும்.

கடைசியில் மெயில் வரும். முழுதும் படிக்க வேண்டாம், 'அன்ஃபார்ச்சுனேட்லி' எந்த வரியில் இருக்கிறது என்று பாருங்கள். எனக்கு மூன்று முறையும் இரண்டாவது வரி. மேக்கில் புரோகிராம் எழுதுபவர்கள் பலர் புழங்கும் ஹோம்ப்ரூ மென்பொருளை எழுதிய மேக்ஸ் ஹவலையே கூகுள் எடுத்துக்கொள்ளவில்லை. பைனரி மரத்தை இடம் வலமாகப் போர்டில் திருப்பிப் போடத் தெரியாததுதான் காரணம் என்று 2015-இல் அவரே ட்விட்டரில் புலம்பினார். எனக்கு அந்த மரத்தைத் திருப்பத் தெரியும். ஹோம்ப்ரூதான் எழுதத் தெரியாது.

நாலாவது இன்டர்வியூ வருகிற வியாழக்கிழமை காலை பத்தரைக்கு. அந்த முக்கால் மணி நேரம் ஹாஸ்டல் வைஃபையில் யாரும் படம் இறக்காதீர்கள், புண்ணியமாய்ப் போகும்.