பின்னால் நின்றவர் முன்னுக்கு வந்த கதை

கேள்வி: டிஃபெண்டராக ஆடியவரைக் கோச்சாகப் போட்டால், டீம் கோல் அடிக்குமா, இல்லை தொண்ணூறு நிமிஷமும் சுவர் எழுப்பிக்கொண்டே இருக்குமா?
- கால்பந்துப் பித்தர், மாதுங்கா

பதில்: கோவாக்காரர் டெரிக் பெரேரா இந்தியாவுக்கு ஆடிய டிஃபெண்டர். அவர் பயிற்சியில்தான் நம்ம மும்பை மஹிந்திரா யுனைடெட், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலையும் மோகன் பகானையும் பின்னுக்குத் தள்ளி 2005-06 தேசிய லீக்கை வென்றது. கொல்கத்தாவில் அன்று எத்தனை வீட்டில் சாப்பாடு இறங்கவில்லையோ! பின்னால் நிற்பவருக்கு மைதானம் முழுக்கத் தெரியும். ஸ்டிரைக்கருக்குத் தெரிவது கோல் போஸ்ட்டும், மறுநாள் பேப்பரில் வரப்போகும் தன் போட்டோவும்தான். ஆனால் எந்த எதிரணியாலும் முடியாததை டீமை நடத்திய மஹிந்திரா கம்பெனியே செய்தது. 2010-ல் டீமையே கலைத்துவிட்டார்கள். போர்டு மீட்டிங்கில் எந்த டிஃபெண்டர் போய்க் குறுக்கே நிற்பது?