உப்புவழி உதிரிபாகவியல்: பழைய பிக்கப்பின் கியர்பாக்ஸ் மவுண்டிங் குறித்து ஒரு விசாரணை

தமிழில் உதிரிபாகவியலின் தொன்மையான சான்று புறநானூற்றின் 102ஆம் பாட்டு. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாட வந்த ஔவையார், உமணர்கள் உப்பு வண்டியின் அடியில் கட்டிவைக்கும் சேம அச்சுக்கு அவனை ஒப்பிடுகிறார். எருதுகள் இளையவை, பாரம் பெரிது, வழியில் மேடோ பள்ளமோ யாருக்கும் தெரியாது. ஆகவே அச்சு ஒன்று கூடுதலாக இருக்கட்டும் என்பது உமணர் கொள்கை. புலவர்கள் இதில் அரசனின் பெருமையைக் கண்டு திருப்தியடைந்துவிட்டார்கள். அந்த அச்சு புதிதாகச் செதுக்கியதா, வேறு வண்டியில் கழற்றியதா, துளை ஒத்து வந்ததா, ஆப்பு வைத்து ஒத்துவரச் செய்தார்களா என்று இதுவரை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்தப் பெருங்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வுக் களம் மரக்காணம். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுதான் என்பது ஆய்வாளர் சிலர் துணிபு. பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிற இடமும் இதுவே. மழை விட்ட பிறகு தொடங்கி அடுத்த மழை வரைக்கும் இங்கே பாத்திகளில் உப்பு வாருகிறார்கள். எருது நின்ற இடத்தில் இன்று பிக்கப் நிற்கிறது. நாம் எடுத்துக்கொண்டது டாடா 207. டெல்கோ என்று அறியப்பட்ட கம்பெனி 1988இல் டாடாமொபைல் 206ஐ இறக்கியது. 207 அதற்குத் தம்பி.

மவுண்டிங் என்பது இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே ரப்பரைச் சூட்டில் ஒட்டிய சிறு பொருள். கியர்பாக்ஸின் பின்பக்கம் கிராஸ் மெம்பர்மேல் உட்காரும் இடத்தில் அது இருக்கிறது. இன்ஜினின் நடுக்கம் சேஸுக்குப் போகாமல் தான் வாங்கிக்கொள்வது அதன் வேலை. 1931இல் அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி தன் பிளிமத் காரின் இன்ஜினை ரப்பரில் உட்காரவைத்து, இன்ஜின் மிதக்கிறது என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்தது. பிரான்சின் சித்ரோயன் அதற்கு உரிமம் வாங்கி, அன்னப்பறவையைச் சின்னமாகப் போட்டுக்கொண்டது. அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும் என்பது நம் மரபு. மரக்காணத்து உப்பு ரப்பரையும் இரும்பையும் பிரிக்கும்.

பிரிக்கும் விதம் இது. பாத்தியிலிருந்து வந்த உப்பில் மெக்னீசியம் குளோரைடு கலந்திருக்கிறது. அது கடற்காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். கசிவு வண்டித் தொட்டியின் இடுக்கில் இறங்கிச் சேஸைத் தொடும். தகட்டின் ஓரத்தில் துரு புகுந்து ஒட்டை மெல்ல நெம்பும். மேலிருந்து ஆயிலும் சொட்டினால் ரப்பர் ஊதிக் கொழகொழத்துவிடும். பிறகு கிளட்சை விட்ட நொடியில் கியர் ராடு சாமியாடும். பாரத்தோடு மேடேறும்போது போட்ட கியர் தானாகக் கழன்று வரும். டிரைவர் முழங்காலால் ராடை அணைத்துக்கொண்டு ஓட்டத் தொடங்கிவிட்டார் என்றால் நோய் முற்றிவிட்டது என்று கொள்க.

இனி மாற்றுப் பாகத்தைக் கண்டடைவது. 207க்கு ரப்பர் புதிதாகவே கிடைக்கும். உப்பு தின்ற பிராக்கெட்டும் கிராஸ் மெம்பருமே பழசில் தேட வேண்டியவை. 1980களில் ஜப்பானியரோடு கூட்டுச் சேர்ந்து வந்த டிசிஎம் டொயோட்டா, ஆல்வின் நிசான் வண்டிகளை வைத்திருப்பவர் நிலை இன்னும் பரிதாபம். அந்தக் கம்பெனிப் பெயர்களே இன்று இல்லை. எப்படியாயினும் வழி கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய 120 கிலோமீட்டர் வடக்கே, சென்னைப் புதுப்பேட்டையில் போய் முடிகிறது.

அங்கே உண்மையை அறியும் கருவிகள் எவை? மணிமேகலையில் அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். வியாசர் பத்து என்றார், கிருதகோடி எட்டு என்றார், சைமினி ஆறே போதும் என்றார். புதுப்பேட்டையைப் பொறுத்தவரை, எண்ணிக்கையில் மட்டும், நாம் சைமினி கட்சி.

காண்டல் அளவைக்குப் பழைய துண்டைக் கழற்றிக் கோணிப்பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். செல்போன் படம் செல்லாது, துளைக்குத் துளை தூரம் படத்தில் தெரியாது. காட்டில் பிளிறல் கேட்டு யானை உண்டென்று உணர்வது கருதல். கடைக்காரர் நீட்டும் பிராக்கெட்டில் பெயிண்டுக்கு அடியில் துரு செதில் செதிலாக உப்பியிருந்தால், அது கடற்கரை வண்டியில் கழற்றியது. நாம் தலைமுழுகிய பொருள் பெயிண்ட் பூசிக்கொண்டு நம்மிடமே விலைக்கு வருகிறது. கவயமா பசுவைப் போலிருக்கும் என்பது உவமம். “407 மவுண்டிங் மாதிரியே இருக்கும்ணா” என்பதும் அதுவே. “எல்லா வண்டிக்கும் செட் ஆவும்” என்பது ஆகமம், எதிர்க்கேள்விக்கு இடமில்லை. கங்கையில் ஊர் என்றால் கங்கைக் கரையில் என்று பொருள் கொள்வது அருத்தாபத்தி. “கொஞ்சம்தாண்ணா வெல்டிங்” என்றால் கிராஸ் மெம்பரை அறுக்க வேண்டும் என்று கொள்வதும் அஃதே.

ஆறாவதாக, இந்த மரத்தில் பேய் உண்டு என்று ஊர் சொல்வதை நம்பும் ஐதிகம். திண்டிவனம் பக்கம் ஒருவரிடம் கம்பெனி பீஸ் பெட்டி பிரிக்காமல் இருக்கிறதாம். எல்லா மெக்கானிக்கும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். பார்த்தவர் இல்லை.

வாங்கி வந்த பாகத்தைப் பொருத்துவதில் இரண்டு மதங்கள். லாரி டயரை அறுத்து அடுக்கிப் போல்ட்டு முடுக்குவோர் டயர்வாதிகள். செலவில்லை, அரை மணியில் வண்டி கிளம்பும். ஆனால் டயருக்குள் நைலான் நூல் ஓடுகிறது, ரப்பர் அளவுக்கு அமுங்காது. இன்ஜினின் நடுக்கம் அப்படியே சீட்டுக்கு வந்து சேரும். அடுக்கு தடித்துவிட்டால் கியர்பாக்ஸின் வால் தூக்கி, புரொபெல்லர் ஷாஃப்டின் கோணம் கெட்டு, ஜாயின்ட் கிராஸ் சீக்கிரம் போகும். நல்ல மனிதர்கள்தான், தத்துவம் போதாது.

லேத்வாதிகள் பொறுமைசாலிகள். பழைய துண்டின் உயரத்தை அளந்து அதுவே கணக்கு என்று கொள்ளமாட்டார்கள், அது பாரத்தில் சப்பிப்போனது. ஜாக்கியால் கியர்பாக்ஸைத் தூக்கி நிறுத்தி, ஷாஃப்டின் முன்னும் பின்னும் கோணம் பார்த்து, அங்கிருந்து உயரத்தை எடுப்பார்கள். துளை விலகியிருந்தால் பிராக்கெட்டில் ஓவல் அடிப்பார்கள். சேஸில் புதுத் துளை போடுவது அவர்கள் மதத்தில் மகாபாவம். ரப்பரைக் கழற்றி வைத்துவிட்டே வெல்டிங் வைப்பார்கள். கழற்ற மறந்த பட்டறையில் எழும் கருகல் நாற்றம் ஒட்டு போயிற்று என்பதற்குக் காண்டல் அளவையிலும் வலிய சான்று. போல்ட்டுகளை முதலில் விரல் முடுக்காக விட்டு, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பாரம் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகே ஸ்பேனரை எடுப்பார்கள். நம் சாய்வு இவர்கள் பக்கம் என்பதை மறைப்பதற்கில்லை.

இரண்டு மதத்துக்கும் பொதுவான சடங்கு ஒன்று உண்டு. வேலை முடிந்து உப்பு வியாபாரி பணத்தை எண்ணும்போது, கழற்றிப் போட்ட துண்டைக் காலால் தள்ளி, “இதைக் காயலான் கடையில போட்டுடவாண்ணே?” என்று கேட்பார். மெக்கானிக் அதை எடுத்து மண்ணைத் தட்டி, கழற்றிய இன்னும் நாலைந்தோடு ஆணியில் மாட்டுவார்.

“கிடக்கட்டும் தம்பி. அனுமந்தையிலேர்ந்து ஒருத்தர் வர்றேன்னிருக்காரு.”