தாராளமா எறக்கு கண்ணு!

வாடா கண்ணு, உக்காரு. காருக்குக் காயிலோவர் போடப் போறியாமா? அம்மாயி சொன்னா. போடு சாமி, அப்புச்சி எதுக்குக் குறுக்க வரப் போறேன்? நம்ம கோயமுத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 2005-லயே ஃபார்முலா ஒன்னு ஓட்டினாரு. நீ மட்டும் என்ன சளைச்சவனா? தெனமும் பால் சொசைட்டி வரைக்கும் ஓட்டிட்டுப் போறயே!

ஆனா காசு குடுக்கறதுக்கு முந்தி சாமான் என்னன்னு தெரியோணுமல்ல. அந்தக் காலத்து வில்லு வண்டியில வில்லு இருக்கும், ஷாக்கு இருக்காது. ஒரு பள்ளத்துல எறங்கினா மூணு ஆட்டம் ஆடித்தான் நிக்கும். பொண்ணு பாக்கப் போறவன் உருமால் கழண்டு மடியில உக்காந்துக்கும். பாரத்தைத் தாங்கறது ஸ்பிரிங்கோட வேலை. ஆட்டத்தை அடக்கறதுதான் ஷாக்கோட வேலை. உள்ள இருக்கற ஆயிலு சின்ன ஓட்டை வழியா நெருக்கிட்டுப் போறப்ப அந்த ஆட்டம் சூடா மாறி அடங்கிப் போகுது. காயிலோவர்லயும் இதே ரெண்டு பேர்தான். என்ன, ஷாக்கு மேல மரை வெட்டியிருப்பான். ஸ்பிரிங் உக்கார்ற தட்டை ஸ்பேனர்ல திருகி வண்டியை ஏத்தலாம், எறக்கலாம். நல்ல சரக்குன்னா ஒரு குமிழும் இருக்கும், அதைத் திருகி ஆட்டத்தைக் கெட்டி பண்ணலாம்.

இன்னொரு கூத்து கேளு. உன்ற ஸ்விஃப்ட்டுல முன்சக்கரத்துக்கு உள்ள எட்டிப் பாரு. இப்பவே ஷாக்கைச் சுத்தித்தான் ஸ்பிரிங்கு இருக்குது, மெக்பர்சன் ஸ்ட்ரட்டும்பாங்க. பின்னாடிதான் ரெண்டும் தனிக்குடித்தனம். நீ வாங்கப் போற செட்டுலயும் பின்னாடிக்குப் பெரும்பாலும் தனித்தனியாத்தான் வரும். ஆக நீ கொட்டிக் குடுக்கறது மரைக்கும் குமிழுக்கும்தான். அதைத் திருகத் தெரியுமான்னு நான் கேப்பனா? பைக்கு செயின் தொங்கினாலே மெக்கானிக்குக்குப் போன் போடற பையனை அப்படிக் கேக்கலாமா?

உசரத்துக்கு வருவோம். உன்ற வண்டி தரையில இருந்து 16 சென்டி சொச்சம். ஸ்டைலுக்கு 4 எறக்கினா மிச்சம் 12. வேகத்தடைன்னா 10 சென்டி உசரம், 3.7 மீட்டர் அகலம்னு இந்திய சாலைக் காங்கிரஸ் கணக்கு வெச்சிருக்குது. நம்ம பள்ளிக்கூடத்து முன்னாடி ஊர்க்காரங்க ராவோட ராவாப் போட்டாங்களே, அதுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. பின்சீட்டுல அம்மாயி, பெரியம்மா, டிக்கியில ரெண்டு மூட்டை தேங்காய். அந்த 12-ம் இன்னும் தாழும். அம்மாயியை எறக்கி விட்டுட்டுத் தாண்டலாம்னு பாக்கறயா? எறங்குவா. திரும்ப ஏற மாட்டா.

செலவே இல்லாம ஸ்பிரிங்கை வெட்டி எறக்கலாம்னு ஒருத்தன் வருவான். அவனுக்குச் சொந்தமாக் காரு இருக்குதான்னு மொதல்ல கேளு. வெட்டின ஸ்பிரிங்கு தட்டுல ஒழுங்கா உக்காராது, சக்கரம் தொங்கறப்ப எடத்தை விட்டு நழுவிரும்.

காயிலோவரை நான் கொறை சொல்லல கண்ணு. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில ரேஸ் ஓட்டறவனுக்கு அது வேணும். ஒவ்வொரு சக்கரத்துலயும் எத்தனை எடை விழுதுன்னு தராசு வெச்சுப் பாத்து, தட்டை இம்மியாத் திருகுவான். ஓட்டி முடிச்சதும் மரையைத் தொடைச்சு வெப்பான். நீ ஒரு மழைக்காலம் நம்ம தோட்டத்து மண்ணுல ஓட்டிட்டு அப்படியே விடுவ, மண்ணும் துருவும் ஏறி அந்தத் தட்டு அதுக்கப்பறம் அசையாது. குமிழு மட்டும் பளபளன்னு இருக்கும்.

செட்டிபாளையம் போறதா இருந்தாச் சொல்லு, அப்புச்சி பாதிப் பணம் தர்றேன். இல்லீன்னா கம்பெனி ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் புதுசா வாங்கு. பழைய ஷாக்குல ஆயில் ஒழுகித்தான் வண்டி இப்ப மெதக்குது. மேல் மவுண்ட்டு, பம்ப் ஸ்டாப்பு ரெண்டையும் சேத்து மாத்து. எடது, வலது ஜோடியாத்தான் மாத்தோணும், ஒத்தையா மாத்தாத. முடிஞ்சதும் வீல் அலைன்மென்ட் பாத்துட்டு வந்து அம்மாயியைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ.